உப்பிட்டவரும் உண்மையும்

ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்து ஒரு கேஸை ஜெயிக்க முடியுமா?

முடியும். ஆனால், அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்க்க, விசாரிக்கிறவர் சம்மதிக்க வேண்டும். 'அதெல்லாம் இங்கே எதற்கு?' என்று அவர் தள்ளிவிட்டால்?

இந்த வாரம் அந்தக் கதைதான். முதலில் ஒரு காட்சி. இதில் வரும் ஆட்களும் பட்டறையும் முழுக்கக் கற்பனை. சட்டம் மட்டும் நிஜம்.

1990-கள். திருச்சி அரியமங்கலம் பக்கம், ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பட்டறை. தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஒன்று இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் அந்த மெஷின், அதை ஓட்டுகிற தொழிலாளியின் வலது கையில் நான்கு விரல்களை வாங்கிக்கொண்டுவிடுகிறது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், கட்டு... மாசக்கணக்கில் வீட்டோடு கிடக்கிறார் மனிதர். அப்புறம் நஷ்டஈடு கேட்டு, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்னால் மனு போடுகிறார்.

இந்தச் சட்டத்தின் பின்பக்கம் ஒரு அட்டவணை உண்டு. முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு அடிவயிறு கொஞ்சம் கலங்கும். கட்டைவிரல் போனால், சம்பாதிக்கிற சக்தியில் 30 சதவிகித இழப்பு. ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20. மூன்று போனால் 30. நான்கும் போனால் 50. மளிகைக் கடை விலைப்பட்டியல் மாதிரி, மனுஷ உடம்புக்கு ஒரு பட்டியல்! ஆனால், அந்தப் பட்டியல்தான் ஏழைக்குப் பாதுகாப்பு. வக்கீல்களின் பேச்சுத் திறமையைப் பொறுத்து விரலின் விலை ஏறி இறங்காது, பாருங்கள்.

ஆக, நம்ம ஆளுக்கு 50 சதவிகிதம். கணக்குப் போட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டியதுதானே?

அங்கேதான் வருகிறார் பட்டறை சூப்பர்வைசர். முதலாளி தரப்பு சாட்சி. கூண்டில் ஏறி ஒரே ஒரு வரி சொல்கிறார்: ''அவன் அன்னிக்குக் குடிச்சிட்டு வந்திருந்தான் சார்!''

அந்த ஒரு வரி போதும். தொழிலாளி குடிபோதையில் இருந்ததே விபத்துக்கு நேரடிக் காரணம் என்று நிரூபணமானால், இம்மாதிரி காயத்துக்கு முதலாளி பைசா தர வேண்டியதில்லை என்கிறது சட்டம். (விபத்தில் உயிரே போயிருந்தாலோ, 1995-ம் வருட திருத்தத்துக்குப் பிறகு, நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டிருந்தாலோ இந்தச் சாக்கு செல்லாது. நான்கு விரல் அந்தக் கணக்கில் சேராது.)

தொழிலாளியின் வக்கீல் எழுந்தார்.

''சூப்பர்வைசர்... முதலாளி உங்களுக்கு என்ன உறவு?''

''உறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சம்பளத்துக்கு வேலை பாக்குறேன்.''

''நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவரோட சம்சாரத்துக்குக் கூடப் பொறந்த தம்பிதானே நீங்க?''

''இல்லீங்க!''

வக்கீல் சிரித்துக்கொண்டே பைக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் கவரை எடுக்கிறார். முதலாளியின் பெண் கல்யாணப் பத்திரிகை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணம். நம்ம ஊர்ப் பத்திரிகைகளைப் பற்றித்தான் தெரியுமே... தாத்தா பாட்டியில் ஆரம்பித்துப் பெரியப்பா, சித்தப்பா என்று ஒரு குலவரலாறே அச்சாகியிருக்கும். அதில், 'தாய்மாமன்' என்ற இடத்தில் பளிச்சென்று சூப்பர்வைசரின் பெயர்!

''ஐயா, பத்திரிகை அடிச்ச பிரஸ்காரர் வெளியே உக்காந்திருக்கார். கூப்பிட்டு விசாரிச்சுடலாம்...''

ஆணையர் கையை உயர்த்தித் தடுத்தார். ''இது ஆக்ஸிடென்ட் கேஸ் சார். கல்யாணக் கேஸ் இல்லை. சாட்சி 'இல்லை'ன்னு சொல்லிட்டார். அதோட விடுங்க. அடுத்து என்ன?''

அவ்வளவுதான். பத்திரிகை பைக்குள் போய்விட்டது. சூப்பர்வைசரின் வாக்குமூலம் பதிவேட்டில் நின்றுவிட்டது. மனு தள்ளுபடி!

ஆணையர் மேல் உடனே கோபப்படாதீர்கள். அவர் காற்றிலிருந்து எதையும் பிடித்துவிடவில்லை. அவர் சொன்னதற்கு அடிப்படையாக ஒரு பழைய விதி நிஜமாகவே இருக்கிறது. சாட்சியின் யோக்கியதையைச் சோதிக்க ஒரு கேள்வி கேட்கிறோம், அவர் பதில் சொல்லிவிடுகிறார்... பதில் பொய்யென்று காட்ட இன்னொரு சாட்சியைக் கூப்பிடக் கூடாது என்பதுதான் அது.

ஏன் அப்படி? ரொம்பச் சாதாரணமான காரணம். ''ஆறு வருஷத்துக்கு முன்னால உங்களைத் திருட்டுக்காக வேலையை விட்டுத் தூக்கினாங்களா இல்லையா?'' என்று கேட்கிறோம். ''இல்லை'' என்கிறார். அதைப் பொய்யாக்க ஒரு சாட்சி, அந்தச் சாட்சி பொய்யர் என்று காட்ட இன்னொரு சாட்சி என்று போனால், விரல் போன கேஸ் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் முடியும்.

விதி நல்ல விதிதான். ஆனால், அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நம்ம ஆணையர் மறந்தது அதைத்தான். அந்த விதிவிலக்கு பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்... கௌடில்யர் வரைக்கும்.

அர்த்தசாஸ்திரத்தில், யார் யாரெல்லாம் சாட்சி சொல்ல லாயக்கில்லை என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார் கௌடில்யர். கூட்டாளி, கடன் கொடுத்தவன், கடன் வாங்கியவன், பகையாளி, இன்னொருவர் தயவில் சாப்பிடுகிறவன்... இந்தப் பட்டியலில் முதல் ஆளாக யார் தெரியுமோ? மனைவியின் சகோதரன்! மைத்துனன் விவகாரம் இந்தியாவில் எவ்வளவு பழசு என்று பாருங்கள்!

அந்தக் காலத்து யோசனை எளிமையானது. ஒருதலைப்பட்சமாகப் பேசுவான் என்று சந்தேகமா? அவனை வாயே திறக்க விடாதே! பொய் உள்ளே வராது. ஆனால், உண்மையும் வராமல் போகலாம். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். வழக்கின் முடிவால் ஒருவருக்குக் கொஞ்சம் பணம் லாபமோ நஷ்டமோ வரும் என்றால், அவர் சாட்சி சொல்ல முடியாது. வாதி, பிரதிவாதியே கூண்டேற முடியாது. 1837-ல் இது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா?

பிரீஸ்ட்லி என்று ஒரு பையன். பீட்டர்பரோ நகரத்தில் ஃபௌலர் என்ற கசாப்புக் கடைக்காரரிடம் வேலை. ஒருநாள் இறைச்சி ஏற்றிய வண்டியில் அவனையும் அனுப்புகிறார்கள். பாரம் அதிகம். வண்டி முறிந்து, பையனின் தொடை எலும்பும் முறிந்தது. வழக்கு போட்டான். ஜூரி மனமிரங்கி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. அப்பீலில் லார்டு அபிங்கர் அதை ரத்து செய்துவிட்டார். 'இதை அனுமதித்தால் எங்கே போய் முடியும்? வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்தாள் என்று இன்னொரு வேலைக்காரன் எஜமானன் மேல் கேஸ் போடுவானே!' என்கிற ரீதியில் போயிற்று அவருடைய கவலை. கூட வேலை செய்கிறவன் தவறால் அடிபட்டால் எஜமானன் பொறுப்பில்லை என்ற கொடுமையான கொள்கை இந்தத் தீர்ப்பிலிருந்துதான் முளைத்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தொடை முறிந்தவன் பிரீஸ்ட்லி. வண்டியில் என்ன நடந்தது என்று நேரில் அனுபவித்தவன் அவன். ஆனால், அன்றைய விதிப்படி, அவன் வழக்கில் அவனே சாட்சி சொல்ல முடியாது! வாதி ஆயிற்றே... பொய் சொல்லிவிட்டால்?

ஜெரமி பெந்தாம் போன்ற சீர்திருத்தக்காரர்கள் இதைத்தான் கிழிகிழியென்று கிழித்தார்கள். 'எல்லோரையும் பேசவிடு. எவ்வளவு நம்பலாம் என்பதை அப்புறம் எடைபோடு' என்பது பெந்தாமின் கட்சி. கடைசியில் இங்கிலாந்து இறங்கிவந்தது. 1843-ல், வழக்கில் லாபம் உள்ளவர்களும் சாட்சி சொல்லலாம் என்று சட்டம் வந்தது. 1851-ல் வாதி பிரதிவாதிகளுக்கும் கூண்டு திறந்துவிடப்பட்டது.

இது பெரிய மாற்றம். இதற்குள் சொல்லப்படாத ஒரு ஒப்பந்தமும் இருக்கிறது. 'சார்புள்ளவனையும் பேசவிடுகிறேன். பதிலுக்கு, அவன் யார் பக்கம் சாய்ந்திருக்கிறான் என்று எதிர்த்தரப்பு காட்டுவதையும் அனுமதிப்பேன்.' முதல் பாதி மட்டும் வேண்டும், இரண்டாவது பாதி வேண்டாம் என்றால்? மைத்துனனுக்கு மைக் கொடுத்துவிட்டு, அவன் மைத்துனன் என்பதை மட்டும் மூடி மறைத்தது மாதிரி ஆகிவிடும்.

சரி, எதுவரை காட்டலாம்? அதற்கு ஒரு வழக்கு கிடைத்தது. 1847. மால்ட் தயாரிக்கும் ஒரு வியாபாரி மேல் அரசாங்கம் கேஸ் போட்டது. முறைப்படி அறிவிக்காமல் ஒரு தொட்டியைப் பயன்படுத்தினார் என்று குற்றச்சாட்டு. அட்டர்னி ஜெனரலுக்கும் ஹிட்ச்காக்குக்கும் நடந்த வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பிரசித்தம். அரசுத் தரப்பு சாட்சியிடம் கேட்டார்கள்: ''தொட்டியைப் பயன்படுத்தினதாகச் சொன்னால் 20 பவுண்டு தருவதாக அதிகாரிகள் ஆசை காட்டினார்கள் என்று நீயே வெளியே சொன்னாயா, இல்லையா?''

''சொல்லவே இல்லை!''

அப்படிச் சொன்னதைக் கேட்ட ஆளைக் கூப்பிட எதிர்த்தரப்பு தயாராக இருந்தது. நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. லஞ்சம் தருவதாக ஒருத்தர் சொன்னதாலேயே, கேட்டவன் கெட்டவன் ஆகிவிட மாட்டான். அவன் அதை வாங்கிக்கொண்டான் என்றால்தான் அவன் மனசு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம் என்றார்கள் நீதிபதிகள். யோசித்துப் பாருங்கள், நியாயமாகத்தான் இருக்கிறது. சாட்சியின் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நிஜமாகவே காட்டும் விஷயம் என்றால், அதற்குக் கதவு திறந்தே இருக்கும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே தெளிவாகிவிட்டது.

இந்தச் சங்கதிகளையெல்லாம் மூட்டை கட்டி இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1869-லிருந்து 1872 வரை வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினர். (எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபுக்குப் பெரியப்பா முறை!) மூன்று வருடத்துக்குள் இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதி முடித்துவிட்டுப் போனார் மனிதர். 1872 செப்டம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்த அந்தச் சட்டம், 150 வருடத்துக்கும் மேல் ஓடியது.

அதில் 153-வது பிரிவுதான் நம்ம ஹீரோ. சாட்சியின் யோக்கியதை பற்றிய கேள்விக்கு வந்த பதிலை மறுத்துச் சாட்சியம் கொண்டுவரக் கூடாது என்கிறது. ஆனால், இரண்டு விதிவிலக்கு. ஒன்று, முன்பு தண்டனை பெற்றிருந்து அதை மறைத்தால். இரண்டாவது, சாட்சியின் நடுநிலைமையைக் கேள்விக்குள்ளாக்கும் ஒரு விஷயத்தைக் கேட்டு, அதை அவர் மறுத்தால்... அப்போது தாராளமாக இன்னொரு சாட்சியைக் கூப்பிட்டு அவர் பொய்யை உடைக்கலாம்.

ஸ்டீஃபன் நல்ல வாத்தியார். பல பிரிவுகளுக்குக் கீழே உதாரணம் கொடுப்பார். திருட்டுக்காக வேலை போனவன் உதாரணம் அவருடையதுதான். அதற்கு அனுமதி இல்லை. அடுத்து இன்னொன்று: 'உன் குடும்பத்துக்கும் எதிராளி குடும்பத்துக்கும் ரத்தப்பகை உண்டா, இல்லையா?' என்று சாட்சியிடம் கேட்கிறார்கள். இல்லை என்கிறான். பகை உண்டு என்று நிரூபிக்க அனுமதி உண்டு.

ரத்தப்பகைக்கு உள்ள அனுமதி, ரத்தபாசத்துக்கு இல்லாமல் போகுமா? அந்த மஞ்சள் கவரை ஆணையர் வாங்கியிருக்க வேண்டும்.

இங்கே நம்ம ஊர் சிலப்பதிகாரம் ஞாபகம் வராமல் இருக்காது. கோவலன் திருடன் என்று பாண்டிய மன்னனிடம் சொன்னது யார்? பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்ததும் அவன்தான். அந்தக் கேஸில் அவனைவிட அதிகமாக லாபம் உள்ள சாட்சி இந்த உலகத்திலேயே கிடையாது! 'நீ யார், உனக்கும் இந்தச் சிலம்புக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அப்புறம் கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டினாள். முத்து அல்ல, மாணிக்கம். அப்பீலில் ஜெயித்துவிட்டாள். ஆனால், கோவலன்?

பொற்கொல்லன் கெட்டவன். அதனால் அந்தக் கதை நமக்குச் சுலபமாகப் புரிகிறது. தொழிலாளி கேஸ்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே சாட்சி சொல்கிறவன் பெரும்பாலும் கெட்டவனே கிடையாது. பயந்தவன். அல்லது, நன்றியுள்ளவன்!

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்லிக்கொடுத்து வளர்க்கப்பட்ட ஜனங்கள் நாம். பட்டறைக்குள் நடந்த விபத்தைப் பார்த்தவர்கள் யார்? பட்டறைக்குள் இருந்தவர்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் தருகிறவர் யார்? எதிர்த்தரப்பு! ரோட்டில் லாரி மோதினால் டீக்கடைக்காரர் பார்த்திருப்பார், பூக்காரம்மா பார்த்திருப்பார். நான்கு சுவருக்குள் மெஷின் கடித்தால்? பார்த்த அத்தனை பேரும் ஒரே உப்பைத் தின்கிறவர்கள்.

திருச்சிக்கு இது நன்றாகவே தெரியும். தென்னிந்திய ரயில்வேயின் நகரம் அல்லவா! 1920-களின் பின்பாதியில் நாகப்பட்டினம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். கூடவே ஆட்குறைப்பும் வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் வேலைக்கு ஆபத்து. 1928-ல் வெடித்தது வேலைநிறுத்தம். தலைமை தாங்கிய சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சதி வழக்கில் சிக்கி, 10 வருடக் கடுங்காவல் விதிக்கப்பட்டார்கள். அப்பீலில்தான் அது 18 மாதமாகக் குறைந்தது. அப்புறம் 1946 செப்டம்பர் 5-ம் தேதி, இன்னொரு வேலைநிறுத்தத்தின்போது பொன்மலையில் போலீஸ் துப்பாக்கிச்சூடு. ஐந்து தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

நிர்வாகத்தை எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்பதை இப்படிக் கண்ணெதிரே பார்த்த ஊரில், ''நான் பார்த்தேன்... மெஷின்லதான் கோளாறு'' என்று கூண்டேறிச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அதைச் சொல்லாதவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923-ல். 1924 ஜூலை 1 முதல் அமல். முதலாளி தப்பு செய்தாரா, செய்யவில்லையா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். வேலையில், வேலை காரணமாக அடிபட்டால் பணம் என்பதுதான் அதன் அழகு. பிரீஸ்ட்லியின் முறிந்த தொடைக்கு, இந்தியாவில் அன்றைக்குத்தான் கட்டுப் போட்டார்கள் என்று சொல்லலாம். ஆரம்பத்தில் தொகை குறைவு. வயதுவந்த தொழிலாளி செத்துப்போனால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. நிரந்தரமாக முழுசாக முடமானால் 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய்.

ஆனால், தப்பு யாருடையது என்ற கேள்வியை வாசல் வழியாக அனுப்பிவிட்டு, கொல்லைப்புறம் வழியாக மூன்று கேள்விகளை உள்ளே விட்டது சட்டம். குடித்திருந்தானா? பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினானா? மெஷினின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினானா? மூன்றுக்கும் பதில் சொல்லப்போவது யார்? மறுபடியும் அதே சூப்பர்வைசர், அதே மேஸ்திரி! அதனால்தான் மற்ற வழக்குகளைவிட இந்த வழக்குகளில், 'சாட்சி யாருடைய ஆள்?' என்ற கேள்வி பலமடங்கு கனமானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். உறவுக்காரன் என்றாலே பொய்யன் என்று முடிவு கட்டுவதும் அநியாயம். 1953-ல் தலீப் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. செத்தவனின் நெருங்கிய உறவு, உண்மையான கொலைகாரனைத் தப்பவிட்டுவிட்டு வேறு ஒருத்தனை மாட்டிவிடச் சாதாரணமாக விரும்பாது என்றார் நீதிபதி விவியன் போஸ். நான்கு வருடம் கழித்து நம்ம தஞ்சைச் சீமை முத்துப்பேட்டையில் நடந்த ஒரு கொலை வழக்கு. சுப்ரீம் கோர்ட்டில் வடிவேலு தேவர் வழக்கு என்று பெயர். டீக்கடைக்காரர் கொலையுண்டார். நம்பத்தகுந்த சாட்சி, அவர் மனைவி மட்டும்தான். அவர் ஒருவரின் வார்த்தையை ஏற்றுத் தண்டனையை உறுதி செய்தது கோர்ட். சாட்சிகளை எண்ணாதே, எடைபோடு என்பதுதான் அதன் சாரம்.

எடைபோட வேண்டும். சரி, எடைக்கல்லை ஒளித்துவைத்துவிட்டு எப்படி எடைபோடுவது?

அமெரிக்கா வரை போய்ப் பார்த்தாலும் பதில் இதேதான். 1984-ல் ஏபெல் என்பவரின் வங்கிக் கொள்ளை வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சியும் ஏபெலும் ஒரே சிறைக் கும்பலைச் சேர்ந்தவர்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் பொய் சொல்லியாக வேண்டும் என்பது அந்தக் கும்பலின் விதி. அதைச் சாட்சி மறுத்தால், வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து நிரூபிக்கலாமா? தாராளமாக என்றது அமெரிக்க சுப்ரீம் கோர்ட். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில்!

சரி, மறுபடி அரியமங்கலத்துக்கு வருவோம். மனு தள்ளுபடியாகிவிட்டது. அப்பீல் போகலாமா?

போகலாம். ஹைகோர்ட்டுக்கு. 2004 ஜூலை 24-ம் தேதிக்கு முன்பு என்றால் திருச்சிக்காரர் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். அன்றைக்கு மதுரைக் கிளை திறந்த பிறகு, பஸ்ஸிலேயே போய்விட்டு வந்துவிடலாம். ஆனால், அப்பீலுக்கு ஒரு நிபந்தனை. 'என் கேஸில் உண்மை இதுதான், ஆணையர் தப்பாகப் புரிந்துகொண்டார்' என்றால் ஹைகோர்ட் கேட்காது. முக்கியமான ஒரு சட்டப் பிரச்னை இருக்க வேண்டும்.

'சட்டம் அனுமதிக்கிற சாட்சியத்தை வாங்க மறுத்துவிட்டார்' என்பது சட்டப் பிரச்னைதான் என்று வாதிடலாம். ஆனால், அங்கே இன்னொரு சுவர் நிற்கிறது. அதைக் கட்டியவரும் ஸ்டீஃபன்தான்! சாட்சியச் சட்டத்தின் கடைசிப் பிரிவு, 167. ஒரு சாட்சியத்தைத் தப்பாக நிராகரித்தார்கள் என்பதற்காக மட்டும் தீர்ப்பைக் கவிழ்க்க முடியாது. அது உள்ளே வந்திருந்தால் முடிவு மாறியிருக்க வேண்டுமா என்று பார். மாறியிருக்காது என்றால், விட்டுவிடு!

இப்போது நம்ம கேஸை வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே 'மது வாடை இருந்தது' என்று டாக்டர் எழுதி வைத்திருந்தால், கல்யாணப் பத்திரிகை வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. சூப்பர்வைசர் தாய்மாமனாக இருக்கட்டும், தாத்தாவாக இருக்கட்டும், டாக்டரின் குறிப்பு அப்படியே நிற்கும். அப்பீல் தோற்றுவிடும்.

ஆனால், 'குடித்திருந்தார்' என்று சொல்ல அந்த சூப்பர்வைசரைத் தவிர வேறு ஆளே இல்லை என்றால்? மொத்த வழக்கும் ஒரே மனிதரின் வார்த்தை மேல் நிற்கிறது. அந்த மனிதர் முதலாளிக்கு மைத்துனர் என்பது மட்டுமல்ல, அதைக் கூண்டில் நின்று மறைக்கவும் செய்தார். உறவை விட அந்த மறைப்புதான் பெரிய விஷயம். ''ஆமாங்க, அவர் என் மாமாதான்... ஆனாலும் நடந்ததைத்தான் சொல்றேன்'' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம். இதில் பொய் சொன்னவர், அதில் மட்டும் ஏன் உண்மை சொல்ல வேண்டும்? அந்த நிலைமையில் பத்திரிகைதான் கேஸே. அதைத் தள்ளியது கேஸையே தள்ளியதற்குச் சமம். கோர்ட் கேஸைத் திருப்பி அனுப்பி, மறுபடி விசாரி என்று சொல்ல முழு நியாயம் உண்டு.

ஒரே ஒரு 'ஆனால்'. பத்திரிகையை ஆணையர் மறுத்தார் என்பதே ரெக்கார்டில் இல்லாவிட்டால், ஹைகோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? அதனால் விவரமுள்ள வக்கீல், பத்திரிகையைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட மாட்டார். 'இந்தச் சாட்சியை, இந்தக் காரணத்துக்காக, விசாரிக்க அனுமதி கேட்கிறேன்' என்று எழுதி மனுவாகக் கொடுத்துவிடுவார். மறுக்கட்டும், பரவாயில்லை. அந்த மறுப்பு காகிதத்தில் இருந்தால்தான் மேலே போய்ப் பேச முடியும். வாய்ப்பேச்சு மின்விசிறிக் காற்றோடு போய்விடும்.

சட்டங்களின் பெயர்ப்பலகைகள் மாறிவிட்டன. 'ஒர்க்மென்' என்ற வார்த்தை 2010-ல் 'எம்ப்ளாயீ' ஆயிற்று. இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஸ்டீஃபனின் சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1-ம் தேதி விடைபெற்று, பாரதிய சாட்சிய சட்டம் வந்தது. ஆனால், 153 அங்கே 156 ஆக இருக்கிறது. 167-ம் 169 ஆக இருக்கிறது. சாட்சி சாய்ந்திருந்தால் காட்டலாம் என்ற விதியும் போகவில்லை. காட்ட விடாவிட்டால் அதனாலேயே ஜெயித்துவிட முடியாது என்ற விதியும் போகவில்லை.

இத்தனை வருட சரித்திரத்தில் மனிதன் கற்றுக்கொண்டது சின்ன விஷயம்தான். உப்பிட்டவரை நினைப்பவனின் வாயை மூடாதே. பேசட்டும். ஆனால், பேசுவதற்கு முன்னால் யார் வீட்டு உப்பு என்று ஒரு வார்த்தை கேள். அவன் மறைத்தால், தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேள்.

அதற்கு அரை மணி நேரம் ஆகும். இந்தக் கேஸில் அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தார்கள். அதற்கான விலையை, நான்கு விரல் இல்லாத கையோடு ஒருவர் பல வருஷம் கட்டிக்கொண்டிருப்பார்.